23 ஆ, 25 ஆ? மலையகத்தில் பி.எம்.ஐ. பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அம்மாவுக்குப் பி.எம்.ஐ. (எடை உயரத்துக்கு ஏற்றதா என்று காட்டும் இலக்கம்) 24. டவுனில் ஒரு தனியார் பரிசோதனை நிலையம் கொடுத்த தாளில் அதற்கு நேரே "நோர்மல்" என்று அடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரி மிஸ்ஸி (தாதி) அதே இலக்கத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கூடத்தான், சீனி பார்த்திடுங்க" என்றார். ஃபோன் செயலியோ பச்சை நிறம் காட்டியது. யாரை நம்புவது என்று தெரியாமல் அங்கேயும் இங்கேயும் அலைந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. கணக்கில் யாருக்கும் பிழை இல்லை. ஆளுக்கொரு அட்டவணையை வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள், அவ்வளவுதான். நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்பதற்காக, வீட்டில் அளப்பதிலிருந்து கிளினிக்கில் கொப்பி போடுவது வரை வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்தக் கோடு நமக்கு உரியது?

பி.எம்.ஐ. என்கிற உடற்திணிவுச் சுட்டி, எடையை (கிலோ) உயரத்தால் (மீற்றர்) இரண்டு தரம் வகுத்தால் வரும் இலக்கம். உலகம் முழுக்கப் பழக்கத்தில் உள்ள அட்டவணை இப்படி: 18.5க்குக் கீழ் எடை குறைவு, 18.5 முதல் 24.9 வரை சாதாரணம், 25 முதல் 29.9 வரை எடை கூட, 30க்கு மேல் பருமன்.

ஆசியர்களுக்கு இந்த அளவு தளர்வானது. ஒரே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பியரையும் தெற்காசியரையும் எடுத்தால், நம்மவர் உடம்பில் கொழுப்பு கூடுதலாக இருக்கும், அதுவும் வயிற்றுக்குள் சேரும். அதனால் சீனி வருத்தமும் (நீரிழிவு) இதய வருத்தமும் குறைந்த எடையிலேயே நம்மைப் பிடிக்கின்றன. இதைப் பார்த்துத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 ஆம் ஆண்டு ஆசிய மக்களுக்கென்று வேறு எல்லைகளைச் சொன்னது:

18.5க்குக் கீழ்: எடை குறைவு
18.5 முதல் 22.9 வரை: நல்ல எடை
23 முதல் 27.4 வரை: ஆபத்து கூடத் தொடங்குகிறது
27.5க்கு மேல்: ஆபத்து அதிகம்

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. சில இடங்களில் தொங்கும் ஆசிய அட்டவணையில் 23 முதல் 24.9 வரை எடை கூட, 25 வந்தாலே பருமன் என்று இருக்கும். அதுவும் செல்லுபடியான அட்டவணைதான். ஆக, சுவரில் எந்தப் படம் தொங்கினாலும் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது பச்சை நிறம் எங்கே முடிகிறது என்பதை. 24.9இல் முடிந்தால் அது பொது அட்டவணை. 22.9இல் முடிந்தால் ஆசிய அட்டவணை. உங்களுக்கு 23க்கும் 25க்கும் இடையில் வந்திருந்தால் இந்த ஒரு விஷயம்தான் எல்லாவற்றையும் மாற்றும். அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு வித்தியாசம் வராது. மேலே இருப்பவர்களுக்கு "எடை கூட", "பருமன்" என்று பெயர் மாறலாம், ஆனால் எந்த அட்டவணையிலும் எடை கூடத்தான்.

ஒன்றை மறக்க வேண்டாம்: 23 என்பது நோயின் பெயர் இல்லை. "இனி இடுப்பையும் சீனியையும் பார்" என்கிற அடையாளம். 24 என்று கேட்டதும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு மலைக்குப் போய் மயங்கி விழுந்தவர்களும் இருக்கிறார்கள்.

2. யார் இந்தக் கணக்கைப் போடக்கூடாது

கர்ப்பிணிகள் போடவேண்டாம். அவர்களுக்கு முதல் கிளினிக்கில், முடிந்தால் 12 கிழமைக்குள், எடுத்த எடையை வைத்துத்தான் எவ்வளவு கூடலாம் என்று மிட்வைஃப் அட்டையில் குறிப்பார். பிந்திப் பதிந்தால் அந்தக் கணக்கே சரிவராது. 19 வயது வரையான பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற வேறு வரைபடம் உண்டு. காலில் நீர் கோத்து வீங்கியிருந்தால் தராசு காட்டுவது நீரின் எடையையும் சேர்த்துத்தான். மரக்கறி மூட்டை தூக்கும் ஆட்களுக்கு, உடற்பயிற்சி செய்து தசை வைத்தவர்களுக்கு இலக்கம் கூடக் காட்டும், இடுப்பு ஒட்டியிருக்கும். வயது போனவர்களுக்கு நேர் எதிர்: தசை கரைந்து கொழுப்பு கூடியிருந்தாலும் இலக்கம் நல்லதாகவே இருக்கும். இந்த இரண்டு கூட்டத்துக்கும் 5ஆம் படியில் உள்ள டேப் அளவுதான் நம்பிக்கை.

3. உயரம், எடை: இங்கேதான் அதிகம் பிழைக்கிறது

உயரத்தைக் கேட்டால் பலர் பழைய கொப்பியில் எழுதியிருந்ததைச் சொல்வார்கள். புதிதாக அளவுங்கள். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) சுவரும் தரையும் சமமாக இருப்பது அபூர்வம், ஆகவே பள்ளிக்கூடத்திலோ சமூக மண்டபத்திலோ சீமெந்துத் தரையும் நேரான சுவரும் உள்ள இடமாகப் பாருங்கள். செருப்பைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, குதிகால், பின்புறம், முதுகு சுவரில் பட நின்று நேரே பார்க்க வேண்டும். இன்னொருவர் தடித்த புத்தகம் ஒன்றைத் தலையில் மட்டமாக வைத்து, சுவரில் பென்சிலால் கோடு போடட்டும். உயரத்தில் பிழை விட்டால் இரட்டிப்பாக அடிக்கும், ஏனென்றால் அதால் இரண்டு தரம் வகுக்கிறோம்.

அடி, அங்குலத்தில் சொல்கிறவர்கள் கவனம். 4 அடி 11 அங்குலம் என்பதை 4.11 என்று ஃபோனில் அடிக்காதீர்கள். ஓர் அடிக்கு 12 அங்குலம். 4 அடி 11 அங்குலம் என்றால் ஏறத்தாழ 150 சென்ரிமீற்றர். 4.11 அடி என்று போட்டால் செயலி 125 சென்ரிமீற்றர் என்று எடுத்துக்கொண்டு, 50 கிலோ உள்ள ஆளுக்கு 32 என்று காட்டிப் பயமுறுத்தும். உண்மையில் அவருக்கு 22 தான். அங்குலத்தை 2.54ஆல் பெருக்கிச் சென்ரிமீற்றராக்குவதே பத்திரம்.

எடைக்கு நுவரெலியாப் பக்கத்துப் பிரச்சினை ஒன்று உண்டு: குளிர். ஸ்வெட்டர், அதன் மேல் ஜக்கெட், தலையில் துண்டு, காலில் கம்பளிச் சொக்ஸ் என்று அப்படியே தராசில் ஏறினால் ஒன்றிரண்டு கிலோ சும்மா கூடும். மலையிலிருந்து நேரே வருகிறவர்கள் படங்கையும் (கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் விரிப்பு) சப்பாத்தையும் கழற்றாமல் ஏறுவதையும் பார்த்திருக்கிறேன். 150 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு ஒரு கிலோ என்பது 0.44 புள்ளி. 22.6இல் இருப்பவர் 23ஐத் தாண்ட ஒரு ஸ்வெட்டரும் ஜக்கெட்டும் போதும். வரிசையில் ஆட்கள் நின்றாலும் கூச்சப்படாமல், "மிஸ்ஸி, ஜக்கெட்டைக் கழற்றிட்டு ஏறுறேன்" என்று சொல்லுங்கள்.

வீட்டுத் தராசு சரியா என்று பார்க்க, வெறுமனே ஏறி ஒரு தரம், பிரிக்காத 5 கிலோ அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு ஒரு தரம் ஏறுங்கள். வித்தியாசம் 5 கிலோவை ஒட்டி வந்தால் போதும். கொழுந்துத் தராசு மனிதரை நிறுக்க வைத்ததில்லை, விளையாட்டுக்கும் வேண்டாம். காலையில், மலசலகூடம் போய் வந்த பிறகு, சாப்பிடுமுன் எடுப்பதுதான் ஒழுங்கு.

4. கணக்குப் போடுவது

ஃபோனில் உள்ள சாதாரணக் கணிப்பான் போதும். எடை 54 கிலோ, உயரம் 150 சென்ரிமீற்றர் என்றால்: 54 ÷ 1.5 ÷ 1.5 = 24. உயரத்தை மீற்றரில் போட வேண்டும், 150 என்று போட்டால் ஒன்றும் வராது.

கணக்கே வேண்டாம் என்கிறவர்களுக்கு, உயரத்துக்கு ஏற்ற எல்லைகளைப் போட்டுத் தருகிறேன். முதல் எடைக்குக் கீழே போனால் குறைவு, இரண்டாவதைத் தொட்டால் 23, மூன்றாவதைத் தொட்டால் 27.5.

4 அடி 8: 37.4 / 46.5 / 55.6 கிலோ
4 அடி 10: 40.2 / 49.9 / 59.7
5 அடி: 43.0 / 53.4 / 63.9
5 அடி 2: 45.9 / 57.0 / 68.2
5 அடி 4: 48.9 / 60.8 / 72.7
5 அடி 6: 52.0 / 64.6 / 77.3
5 அடி 8: 55.2 / 68.6 / 82.0

முதல் இரண்டு வரியைப் பாருங்கள். தோட்டத்தில் நம் அம்மாமார் பலர் அந்த உயரம்தான். 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப்புறப் பிள்ளைகளில் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், நாட்டுக்கு அது 17. வளர்ந்த பிறகும் அந்தக் குட்டை உயரம் பெரும்பாலும் மாறுவதில்லை. "52 கிலோதானே, அது ஒரு எடையா?" என்று கேட்பவர் 4 அடி 8 என்றால் அவருக்கு 25ஐத் தாண்டிவிட்டது. கிலோவை மட்டும் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் ஒப்பிடுவதில் பிரயோசனம் இல்லை.

5. இடுப்பை அளவுங்கள்

தையற்காரர் வைத்திருக்கும் டேப் போதும். அளக்க வேண்டிய இடம் சாரம், பாவாடை, படங்கு கட்டும் இடம் இல்லை. பக்கவாட்டில் கடைசி விலா எலும்பைத் தொட்டுப் பாருங்கள், பிறகு இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொடுங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை வெளியே விட்டபடி, வயிற்றை உள்ளே இழுக்காமல் பார்க்க வேண்டும். உடுப்புக்கு மேலால் அளந்தால் கணக்கில் எடுக்காதீர்கள்.

தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் (31 அரை அங்குலம்), ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர் (35 அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு) எல்லை. பி.எம்.ஐ. 22 வந்து இடுப்பு இந்த எல்லையைத் தாண்டியிருந்தாலும் அடுத்த படிக்குப் போங்கள். கை கால் மெலிந்து வயிறு மட்டும் தள்ளியிருக்கும் ஆண்கள் நம்மிடம் நிறைய. அவர்கள்தான் "நான் ஒல்லிதானே" என்று கிளினிக் பக்கமே வருவதில்லை.

6. கிளினிக்குக்குப் போவது: எங்கே, என்னென்ன கொண்டு போவது, எவ்வளவு செலவு

அரசாங்க ஆஸ்பத்திரிகளில், பிரதேச வைத்தியசாலை மட்டத்திலேயே, ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையம் உண்டு. சுருக்கமாக "எச்.எல்.சி." என்று கேட்டாலும் விளங்கும். 35 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானது. அதற்குக் குறைந்த வயதென்றாலும் பருமன், குடும்பத்தில் சீனி வருத்தம் மாதிரி ஏதாவது இருந்தால் சொல்லிப் பதியக் கேட்கலாம். உயரம், எடை, பிரஷர், சீனி பார்ப்பார்கள், சாப்பாடு, புகைத்தல், குடி பற்றிக் கேட்பார்கள். இதற்குக் காசு கிடையாது. யாராவது காசு கேட்டால் அது எச்.எல்.சி. இல்லை.

35 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இன்னொரு வழி, எம்.ஓ.எச். ஒஃபிஸ் (சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை) நடத்தும் சுகவனிதையர் கிளினிக். அங்கே எடை, பிரஷரோடு மார்பகப் பரிசோதனையும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனையும் நடக்கும். ஒரே பயணத்தில் எல்லாம் முடிவதால் பெண்களுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன். எந்த நாள் என்று உங்கள் பிரிவு மிட்வைஃபிடம் கேளுங்கள்.

கொண்டு போக வேண்டியவை: தேசிய அடையாள அட்டை, பழைய கிளினிக் கொப்பி இருந்தால் அது, குடிக்கும் மருந்துகளை உறையோடு. புதிதாகப் போகிறவர்கள் ஒரு கொப்பியும் பேனையும் கையில் வைத்திருங்கள், சில இடங்களில் கேட்பார்கள். பெயர் விஷயத்தில் கறாராக இருங்கள். நம் ஆட்களுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோலில் (சம்பளப் பதிவேடு) இன்னொரு பெயர். கொப்பியில் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள், எழுதியதும் அங்கேயே வாசித்துப் பாருங்கள். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது இரத்த ரிப்போட்டில் ஒரு பெயரும் டொக்டர் எழுதி அனுப்பும் துண்டில் வேறு பெயரும் இருந்தால் ஒரு நாள் வீண். கதைப்பது சிங்களத்தில் என்றால், விளங்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவதில் வெட்கம் வேண்டாம்.

நேரம்: எச்.எல்.சி. எல்லா நாளும் இராது, சில இடத்தில் கிழமைக்கு ஒரு நாள்தான். போயா தினத்திலும் மற்ற அரசாங்க விடுமுறையிலும் போய் நிற்காதீர்கள். காலையில் வேளைக்கே போய் இலக்கம் எடுத்தால் பகலுக்குள் முடியும்.

உண்மையான செலவு கிளினிக்கில் இல்லை, பேரில்தான் (தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பதியும் கூலிக் கணக்கு). ஒரு நாள் பேர் போனால் அடுப்பு வரை தெரியும். முந்தின நாளே கணக்கப்பிள்ளையிடம் சொல்லி அரைப்பேர் கிடைக்குமா என்று கேளுங்கள். தோட்டத்து டிஸ்பென்சரிக்கோ பிள்ளை மடுவத்துக்கோ (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகம்) மிட்வைஃப் வரும் நாளில் எடையும் பிரஷரும் பார்த்துக்கொண்டால், இரத்தம் எடுக்க மட்டும் ஒரு தரம் ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும். தனியார் லெப்பில் வெறும் வயிற்றுச் சீனிக்குச் சில நூறு ரூபாய் எடுப்பார்கள், கொலஸ்ட்ரோல் முழுதாகப் பார்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். கட்டுமுன் விலை கேளுங்கள்.

7. வெறும் வயிறு என்றால் பிளேன்டீயும் இல்லை

இந்தப் பொறியில் விழாதவர்கள் குறைவு. வெறும் வயிற்றுச் சீனிக்குக் குறைந்தது 8 மணித்தியாலம் எதுவும் சாப்பிடக் கூடாது. கொலஸ்ட்ரோலும் பார்ப்பதென்றால் 10 முதல் 12 மணித்தியாலம் இருக்கச் சொல்வார்கள். நம் வீடுகளில் கண் விழித்ததும் அடுப்பில் கேத்தல். "சாப்பிடல்ல, வெறும் தேத்தண்ணிதான்" என்று சொல்லிவிட்டு இரத்தம் கொடுத்தால், கோப்பையில் போட்ட இரண்டு கரண்டி சீனி ரிப்போட்டில் வந்து நிற்கும். பச்சைத் தண்ணீர் குடிக்கலாம். ஏற்கெனவே சீனிக்கு மாத்திரை எடுப்பவர்கள் அன்று காலை அதைக் குடிப்பதா விடுவதா என்று முதல் கிளினிக்கிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போங்கள், இரத்தம் எடுத்தவுடன் சாப்பிடலாம்.

ரிப்போட்டில் வெறும் வயிற்றுச் சீனி (mg/dL) 100க்குக் கீழ் என்றால் நல்லது. 100 முதல் 125 வரை எல்லையில் நிற்கிறது. 126 அல்லது அதற்கு மேல் என்றால் இன்னொரு பரிசோதனையோடு சீனி வருத்தம் என்று டொக்டர் உறுதி செய்வார். பிரஷர் 140/90 தொட்டால் அதையும் விடாதீர்கள்.

8. இலக்கம் கையில் வந்த பிறகு

18.5க்குக் கீழ் வந்தவர்களை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் எடை என்றாலே குறைப்பது என்று ஆகிவிட்டது. தோட்டப் பெண்களில் எடை குறைந்தவர்கள் இன்னும் நிறையப் பேர். 150 சென்ரிமீற்றரில் 40 கிலோ என்றால் 17.8. இரத்தசோகை இருக்கிறதா என்று ஹீமோகுளோபின் பார்க்கக் கேளுங்கள். காரணமில்லாமல் எடை இறங்கிக்கொண்டே போனால் வேறு கதை. இருமல் இரண்டு கிழமையைத் தாண்டினால் சளி பரிசோதிக்க வேண்டும், காசநோய்க்கு அரசாங்கத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். தாகமும் அடிக்கடி சிறுநீரும் சேர்ந்து எடை குறைந்தால் சீனி பாருங்கள். எடை கூட்டுகிறோம் என்று பெயர் இல்லாத உறையில் விற்கும் மாத்திரைகளைத் தொடாதீர்கள். என்ன கலந்திருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது.

23 முதல் 27.4 வரை: இப்போது இருக்கும் எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே சீனிக்கும் பிரஷருக்கும் பலன் தெரியும். 60 கிலோ ஆளுக்கு அது 3 கிலோ. கிழமைக்கு அரைக் கிலோ இறங்கினால் போதும், அதைவிட வேகமாக இறக்கும் பொடியும் "ஸ்லிம் டீ"யும் காசைத்தான் இறக்கும். எங்கே தொடங்குவது என்றால் என் பதில் தேத்தண்ணிதான். ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் 40 முதல் 50 கிராம் சீனி. பெரியவர் ஒருவருக்கு நாள் முழுக்கச் சாப்பாட்டில் சேர்க்கும் சீனி ஏறத்தாழ 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பிஸ்கட், பனிஸில் உள்ள சீனி இந்தத் தேத்தண்ணிக் கணக்கில் சேரவில்லை, அது வேறு. கோப்பைக்கு ஒரு கரண்டி, பிறகு அரைக் கரண்டி என்று இரண்டு கிழமைக்கொரு தரம் குறைத்தால் வாய் பழகிவிடும். எங்கள் வீட்டில் தேத்தண்ணியில் சீனி கலக்காமல், கருப்பட்டித் துண்டு கடித்துக் குடிக்கும் பழக்கம் இருந்தது. கருப்பட்டியும் சீனிதான், ஆனால் கடித்துக் குடித்தால் குறைவாகப் போகும்.

இரவுச் சாப்பாட்டில் கோதுமை மா ரொட்டி நாலு ஐந்து என்று போவதைக் குறைத்து, பருப்பும் கீரையும் முட்டையும் கூட்டுங்கள். மலையில் கொழுந்து எடுப்பவருக்கு நடை போதும். ஃபெக்டரியில், கடையில், பள்ளிக்கூடத்தில், தையல் மெசினில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் கிழமைக்கு 150 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். நம் பாதைகள் ஏற்றம் என்பதால் அரை மணித்தியாலம் போதுமான வேர்வை தரும்.

27.5க்கு மேல் வந்தவர்கள், அல்லது 23க்கு மேல் வந்து சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் ஏதாவது கூடியவர்கள் தனியாகப் போராட வேண்டாம், மருத்துவக் கிளினிக்குக்குத் துண்டு எழுதச் சொல்லுங்கள். துண்டு கிடைத்ததும் திகதியை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். மழைக் காலத்தில் துண்டுகள் நனைந்து மை கரைந்து போகின்றன.

9. மறுபடி எப்போது?

வீட்டில் மாதத்துக்கு ஒரு தரம், அதே தராசு, அதே நேரம், அதே மெல்லிய உடுப்பு. தினமும் ஏறினால் நீரும் உப்பும் ஆடுவதைப் பார்த்து மனம் சோரும். எச்.எல்.சி.யில் எல்லாம் சரியாக இருந்தாலும் திரும்ப வரவேண்டிய திகதியைக் கொப்பியில் குறிப்பார்கள், எல்லையில் நிற்பவர்களை வேளைக்கே கூப்பிடுவார்கள். அன்று பழைய கொப்பியைக் கொண்டுபோக மறந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுவார்கள், போன தரத்தோடு ஒப்பிட ஒன்றும் இராது. கொப்பியை அடையாள அட்டையோடு ஒரே பொலித்தீன் பைக்குள் போட்டு வையுங்கள்.